வளைவின் ஆரம்: ஓசூர் தடத்தில் ஒரு வேகத் தேடல்

கோயம்புத்தூரிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் போகும் வந்தே பாரத் ரயில் 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. திருப்பூர், ஈரோடு, சேலம், தர்மபுரி, ஓசூர் என்று நின்று, சுமார் 380 கிலோமீட்டரை ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் கடக்கிறது. சராசரி மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். இதே குடும்பத்தின் மூத்த பிள்ளையான 'டிரெய்ன் 18' சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் கட்டப்பட்டது. 2018 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்டா–சவாய் மாதோபூர் தடத்தில் நடந்த சோதனை ஓட்டத்தில் அது 180-ஐத் தொட்டது.

சராசரியையும் உச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை என்று ரயில்வேக்காரர்கள் கோபிப்பார்கள். கோபம் சரிதான். நிறுத்தங்கள் உண்டு, ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்கு வழி விடும் காத்திருப்பு உண்டு. ஆனால் ஈரோடு–சேலம் சமவெளியில் விரட்டிக்கொண்டு வரும் அதே வண்டி, ஓமலூரில் பிரிந்து தொப்பூர் மலைக்குள் நுழைந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவதை ஜன்னலோரம் உட்கார்ந்த யாரும் பார்க்கலாம். வேகத்தைத் தின்றது யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையாயிற்று. கொலைக்கேசில் செய்வதுபோல, சந்தேகப்படத் தக்கவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராக விடுவித்துக்கொண்டே போனேன்.

வழக்கின் முதல் சிக்கல் ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பது. ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஓசூர் ஸ்டேஷன் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. தென்மேற்கு ரயில்வே செயல்படத் தொடங்கியதே 2003-இல்தான். அதன் தலைமையகம் ஹூப்ளி. அதற்கு முந்தைய காகிதம் சென்னையில், தெற்கு ரயில்வேயின் கணக்கில். வருவாய் ஆவணங்களைத் தேடினால் இன்னொரு கண்ணாமூச்சி. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004-இல். அதற்கு முன் ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில். 1965-க்கு முன் தர்மபுரியே சேலம் மாவட்டத்தில். ஆக எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 'ஓசூர்' என்று கேட்டால் கையை விரிப்பார்கள். சேலம் என்று கேட்க வேண்டும், அதுவும் பொதுப்பணித் துறையின் ரயில்வே பிரிவு என்று சொல்லிக் கேட்க வேண்டும். மூன்று மொழியில் கடைப் பலகை எழுதும் ஊருக்கு மூன்று ஊரில் கோப்பு இருப்பதில் வியப்பில்லை.

முதல் சந்தேகம் ரயில் மேல்தான். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். அதிவேக ரயில் ஆராய்ச்சி என்று உலகம் முழுக்கச் செய்வதன் பாதி இந்த ஒரு கேள்விதான்: நேர்ப் பாதையிலும் ரயில் ஏன் நேராகப் போவதில்லை?

ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையானது அன்று, இலேசான கூம்பு. இந்தியாவில் வழக்கமான சாய்வு 20-க்கு 1. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்தவை. சக்கர ஜோடி வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் வலச் சக்கரம் தன் பெரிய விட்டத்தில் உருளும், இடச் சக்கரம் சின்ன விட்டத்தில். பெரிய விட்டத்துச் சக்கரம் முந்தும், ஜோடி தானாக இடப்பக்கம் திரும்பும். திரும்பிய வேகத்தில் நடுவைத் தாண்டிவிடும். மறுபடி வலம். இப்படிப் பாம்பு போவதுபோல நெளிந்து நெளிந்துதான் ஒவ்வொரு சக்கர ஜோடியும் போகிறது. இந்த நெளிவின் நீளத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை 1883-இல் ஜெர்மானியப் பொறியாளர் கிளிங்கெல் எழுதினார். நம் அகலப்பாதைக்கும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள சக்கரத்துக்கும் போட்டுப் பார்த்தேன். தனிச் சக்கர ஜோடிக்கு ஒரு நெளிவு சுமார் 18 மீட்டர் வந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒரு தடவை ஆட்டம், யாருக்கும் தெரியாது. 160-இல் நொடிக்கு இரண்டரை தடவை.

வேகம் குறைவாக இருக்கும்வரை ஸ்பிரிங்கும் உராய்வும் இந்த ஆட்டத்தை அடக்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். முன்னோக்கிப் போகும் ஓட்டத்திலிருந்தே ஆட்டம் சக்தியை உறிஞ்சி வளரும். சக்கரத்தின் விளிம்பு ஒரு தண்டவாளத்தையும் மறு தண்டவாளத்தையும் மாறி மாறி அடிக்கும், பாதையே நெளியும். 1955 மார்ச் கடைசியில் பிரான்சில் மின் இன்ஜின் ஒன்று மணிக்கு 331 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. அது போன பின் அந்தப் பாதை அலையலையாக வளைந்து கிடந்த புகைப்படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. ஜப்பானில் ததாஷி மாட்சுதைரா என்பவர் இதற்கு வேறு கோணத்திலிருந்து வந்தார். போர்க்காலத்தில் கடற்படை விமானங்களின் இறக்கை படபடத்து முறிவதை ஆராய்ந்தவர் அவர். போர் முடிந்ததும் ரயில்வே ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, ரயிலின் இந்த ஆட்டமும் அதே வகைத் தற்கிளர்ச்சி அதிர்வுதான் என்று காட்டினார். 1964 அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் 210 கிலோமீட்டரில் ஓடத் தொடங்கியதற்குப் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது.

இந்தப் பாடம் இந்தியாவுக்கு வந்த வழி ரத்தக்கறை படிந்தது. 1937 ஜூலை 17 அன்று பிகாரின் பிஹ்டா அருகே ஹவுரா நோக்கி வந்த எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இழுத்து வந்தது எக்ஸ்.பி. வகைப் பசிபிக் இன்ஜின். 1920-களில் இந்திய அகலப்பாதைகளுக்கென்றே வரைந்து வாங்கப்பட்ட புது வகை. அந்த இன்ஜின்கள் வேகமெடுத்தால் பக்கவாட்டில் ஆடுகின்றன, பாதையை நெளிக்கின்றன என்ற புகார் விபத்துக்கு முன்பே இருந்தது. பாதைக்காரர்கள் இன்ஜினைக் குறை சொல்ல, இன்ஜின்காரர்கள் பாதையைக் குறை சொல்ல, காலம் போயிற்று. விபத்துக்குப் பின் பிரிட்டனிலிருந்து ஆலன் மவுண்ட் தலைமையில் ஒரு குழு வந்தது. பெயர் பசிபிக் லோகோமோட்டிவ் கமிட்டி. இன்ஜின் வடிவமைப்பில் பெரும்பெயர் பெற்ற வில்லியம் ஸ்டேனியர் அதில் இருந்தார். பிரெஞ்சு ரயில்வேயிலிருந்தும் ஒருவர் இருந்தார். 1939-இல் வந்த அறிக்கையின் சாரம் இரு தரப்புக்கும் கசப்பானது: இன்ஜினின் முன் பின் தாங்குவண்டிகளின் கட்டுப்பாடு போதவில்லை, பாதையும் அந்த எடையைத் தாங்கும் நிலையில் இல்லை, இரண்டும் சேர்ந்தபோதுதான் ஆபத்து. ரயிலையும் தடத்தையும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பாகங்களாகப் பார்க்க வேண்டும் என்று இந்திய ரயில்வேக்கு முதன்முதலில் உறைத்தது அங்கேதான் என்பது என் கணிப்பு.

அந்த அறிக்கையின் இன்னொரு பின்விளைவு ஓசூர் வரை வருகிறது. ரயில் ஓட்டுபவர்களே ரயில் பாதுகாப்பையும் சோதித்துக்கொள்வது முறையில்லை என்ற கருத்து வலுப்பட்டு, 1941-இல் ரயில்வே ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்து, தபால்–விமானத் துறையின் கீழ் வைத்தார்கள். அந்தப் பிரிவின் வாரிசுதான் இன்றைய ரயில்வே பாதுகாப்பு ஆணையம். இப்போதும் அது சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. இந்தத் தடத்திலுள்ள கெலமங்கலத்தின் தண்டவாளத்தைச் சோதித்துச் சான்று தருபவர் விமான அமைச்சகத்தின் ஆள் என்று ஓசூர் டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள்.

ரயில் மேல் போட்ட வழக்கை இங்கே தள்ளுபடி செய்தேன். வந்தே பாரத்தின் காற்று ஸ்பிரிங்கும் சக்கரங்களைத் தாங்கும் போகியும் 160-க்கு மேல் ஆட்டத்தை அடக்கக் கட்டப்பட்டவை. புதுவகைப் பெட்டி எதுவும் ஓட அனுமதி பெறுமுன் லக்னோவின் ஆர்.டி.எஸ்.ஓ. ஆராய்ச்சி அமைப்பு அதில் அதிர்வுமானிகளைக் கட்டி ஓட்டிப் பார்க்கிறது. 60-இல் ஓட வைக்கும் குற்றம் இந்த ரயிலினுடையது இல்லை. மின்சாரத்தின் குற்றமும் இல்லை, தடம் மின்மயமாகிவிட்டது. தண்டவாளமும் கான்கிரீட் சிலீப்பரும்கூட மற்ற முதன்மைத் தடங்களில் இருக்கும் அதே சரக்குதான்.

மிஞ்சியது நிலம்.

இராயக்கோட்டை பக்கம் ஒரு கேட்டில் நின்றேன். மூடிய கேட்டின் முன் தக்காளி ஏற்றிய லாரிகள். வளைவு அங்கே கேட்டைத் தாண்டித் தொடங்குகிறது. வளைவுகளின் ஓரத்தில் ஒரு சின்னப் பலகை இருக்கும். ஆரம் எவ்வளவு, வளைவு எத்தனை டிகிரி, வெளித் தண்டவாளம் எவ்வளவு உயர்த்தப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கும். பயணிகள் யாரும் படிப்பதில்லை. தண்டவாளத்தின் இடுப்பில் வெள்ளை பெயின்டால் எண்கள், பத்துப் பத்து மீட்டருக்கு ஒன்று. வெளித் தண்டவாளத்தின் உள்கன்னத்தில் கறுப்பு கிரீஸ். அதன் மேல் சக்கர விளிம்பு தேய்த்து உதிர்த்த இரும்புத்தூள் மினுக்குகிறது. நேர்ப்பாதையில் வேகமாகப் போகவேண்டுமென்று விறைப்பாகக் கட்டிய போகி வளைவில் எளிதாகத் திரும்பாது. விளிம்பால் தண்டவாளத்தை உரசிக்கொண்டுதான் திரும்பும். நேர்ப்பாதை நிதானமும் வளைவு லாவகமும் ஒன்றை விட்டால்தான் ஒன்று. அதிவேக ரயில் வடிவமைப்பாளர்கள் அறுபது எழுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டும் இந்தப் பேரத்தின் சில்லறைதான் அந்தக் கிரீஸில் மினுக்கிய தூள்.

ரிட்டயரான கேங் மேஸ்திரி ஒருவர் அங்கே பேச்சுத் துணைக்குக் கிடைத்தார். வயதில் பெரியவர். வளைவை எப்படி அளப்பீர்கள் ஐயா என்று கேட்டேன்.

"நூல் போதும் சார். பதினொண்ணே முக்கா மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ரெண்டு முனையையும் தண்டவாளத்துல புடிச்சுக்கணும், நடுவுல ஸ்கேல் வெக்கணும். எத்தன சென்டிமீட்டர் எடவெளி வருதோ அத்தன டிகிரி."

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். 11.8 மீட்டர் நூலுக்குக் கணக்கு அச்சாக அப்படியே வருகிறது. 1,750-ஐ டிகிரியால் வகுத்தால் ஆரம் மீட்டரில் கிடைக்கும் என்பது ரயில்வே வழக்கு. 4 டிகிரி என்றால் சுமார் 440 மீட்டர். பொறியியல் கல்லூரியில் நாலு பக்கத்துக்கு வரும் வடிவ கணிதம் அவரிடம் ஒரு நூலாக இருந்தது.

"வந்தே பாரத்தை ஏன் இங்க மெதுவா விடுறாங்க?"

"ரயிலு என்னா பண்ணும் சார்? ரோடு விட்ட வேகத்துலதான் போவும்."

தடத்தை அவர்கள் 'ரோடு' என்றுதான் சொல்வார்கள்.

ரோடு விடும் வேகத்தைக் கணக்கிடலாம். வளைவில் ரயிலை வெளிப்பக்கம் தள்ளும் விசை, வேகத்தின் இருமடியாக ஏறும். அதை ஈடுகட்ட வெளித் தண்டவாளத்தை உயர்த்துகிறார்கள். கேன்ட் என்பது அதுதான். அகலப்பாதையில் இந்த உயர்த்தலுக்கு வழக்கமான மேல்வரம்பு 165 மில்லிமீட்டர். அதற்கு மேலும் 75 மில்லிமீட்டர் அளவுக்குக் குறை வைத்துக்கொள்ளலாம், பயணிக்குச் சற்றே வெளிப்பக்கம் சாய்வதுபோல் இருக்கும், அவ்வளவுதான். இந்த 240-ஐ வைத்துக்கொண்டு 440 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவைக் கணக்கிட்டால் கிடைப்பது மணிக்கு சுமார் 87 கிலோமீட்டர். 110-இல் போக வேண்டுமானால் 380 மில்லிமீட்டர் ஈடு தேவை. ஒரு தண்டவாளத்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமம்.

அந்த 87-ம் காகிதத்தில்தான். அதே தடத்தில் சரக்கு ரயிலும் போகிறது. ஏற்றத்தில் 40-இல் முனகிக்கொண்டு போகும் சரக்கு ரயிலுக்கு இந்த வளைவில் வேண்டிய உயர்த்தல் 50 மில்லிமீட்டர் மட்டும். அதைவிட 75-க்கு மேல் அதிகமாக உயர்த்தினால் மொத்த எடையும் உள் தண்டவாளத்தின் மேல் விழுந்து நசுக்கும். ஆகவே கேன்ட்டை 125-இல் நிறுத்த வேண்டும். வந்தே பாரத்துக்கு மிஞ்சுவது 80. சரக்கு ரயில் ஒன்று, தான் அந்த நேரத்தில் அங்கே இல்லாமலே, எக்ஸ்பிரஸிடமிருந்து ஏழு கிலோமீட்டரைப் பிடுங்கிவிடுகிறது. வெப்பம் தனியாக வந்து பங்கு கேட்கும். 440 மீட்டரைவிடக் கூர்மையான வளைவுகளில் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் இடக்கூடாது என்பது பொதுவிதி; மே மாத வெயிலில் நீள முயலும் எஃகு வெளிப்பக்கம் பிதுங்கும். அங்கெல்லாம் இணைப்புகள் இருக்கும். இணைப்பு இருந்தால் தடதடப்பும் பராமரிப்பும் கூடவே வரும்.

ஆக ஆரம்தான் குற்றவாளி. அடுத்த கேள்வி: அந்த ஆரத்தைத் தேர்ந்தெடுத்தது யார், எப்போது?

எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர் 1918-இல் வெளிவந்தது. அது காட்டும் சேலம் மாவட்டத்தில் இன்று ரயிலே இல்லாத கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இருக்கிறது. இரண்டு சிறு பாதைகள், இரண்டுமே இரண்டரை அடி அகலக் குறும்பாதைகள். ஒன்று திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, சுமார் 40 கிலோமீட்டர், 1905-இல் திறந்தது. இன்னொன்று மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல். 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் தாய்ப்பாதையான ஜோலார்பேட்டை–சேலம் தடத்தில் வந்து சேர்ந்தன.

இந்தப் பாதைகளுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் தானியம் ஓரிடத்தில் கிடக்க, சனம் வேறிடத்தில் செத்தது. அதன்பின் 1880-இல் பஞ்ச ஆணையம் சொன்ன பரிந்துரையின் வழியில், மழை பொய்க்கும் மாவட்டங்களுக்குத் தானிய மூட்டை போய்ச்சேரப் பாதை போட்டார்கள். குறைந்த செலவு, குறைந்த மண்வேலை. மலை வந்தால் சுற்றிப் போ, பாறை வந்தால் ஒதுங்கு. குறும்பாதையில் இதற்குத் தாராளம் உண்டு. இந்திய ரயில்வே பாடநூல்கள் தரும் வரம்புகளைப் பாருங்கள்: அகலப்பாதையில் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி, ஆரம் 175 மீட்டர், மீட்டர் கேஜில் 16 டிகிரி, 109 மீட்டர், குறும்பாதையில் 40 டிகிரி, வெறும் 44 மீட்டர். வேகத்துக்கு 50 கிலோமீட்டர் என்ற உச்சவரம்பும் உண்டு.

நட்டத்தில் ஓடிய இரண்டு பாதைகளையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கு அதன்பின் ரயில் வரவே இல்லை. சுதந்திரத்துக்குப் பின் பிறந்த கிருஷ்ணகிரிக்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கும் ரயில், அவர்கள் தாத்தாவின் ஊரில் ஏற்கெனவே நின்று போயிருக்கிறது.

ஓசூருக்கு மறுபடி ரயில் வந்தது 1960-களின் இறுதியில், சேலம்–பெங்களூரு மீட்டர் கேஜ் பாதையாக. ஊர்களின் வரிசை பழையதுதான்: ஓசூர், கெலமங்கலம், இராயக்கோட்டை, பாலக்கோடு, தர்மபுரி. தர்மபுரிக்குத் தெற்கே மட்டும் கதை வேறு. பழைய சின்ன ரயில் கிழக்கே மொரப்பூருக்குத் திரும்பிக்கொள்ள, புதுப்பாதை சிவாடி, முத்தம்பட்டி, தொப்பூர் வழியாக மலையிடுக்கில் இறங்கி ஓமலூரைப் பிடித்தது. ஓசூர் கடல்மட்டத்துக்கு சுமார் 880 மீட்டர் மேலே, தர்மபுரி 470, சேலம் 280. படி இறங்குவதற்கு வளைந்துதான் ஆக வேண்டும். மீட்டர் கேஜுக்கு 16 டிகிரி வரை சலுகை இருக்கும்போது மலையைக் குடைய யார் கஜானாவைத் திறப்பார்கள்?

1990-களில் நாடெங்கும் ஒரே பாதை அகலம் என்ற திட்டத்தில் இதுவும் அகலப்பாதை ஆனது. விழா நடந்தது, மாலை விழுந்தது. இங்கேதான் என் தேடலில் நான் எதிர்பாராத எண் ஒன்று கிடைத்தது. அதே 440 மீட்டர் வளைவை மீட்டர் கேஜுக்கான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கே கேன்ட் வரம்பு 90 மில்லிமீட்டர், குறை 50. விடை: சுமார் 86 கிலோமீட்டர். அகலப்பாதைக்கு வந்த 87-க்குப் பக்கத்துவீடு. கேஜ் அகலமானதால் பெட்டி பெரிதாயிற்று, சரக்கு அதிகம் ஏறியது, கோயம்புத்தூரிலிருந்து வண்டி மாறாமல் வர முடிந்தது, எல்லாம் உண்மை. வளைவில் வேகம் என்று பார்த்தால் லாபம் ஒரே ஒரு கிலோமீட்டர். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மாற்றினார்கள், தடம் நிலத்தின் மேல் வரையும் கோட்டை மாற்றவில்லை. சிலீப்பரையும் ஜல்லியையும் மாற்றக் காசு உண்டு. மலைக்குள் புதுக்கோடு வரைய இல்லை.

ஆரத்தைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். 240 மில்லிமீட்டர் ஈடும் முழுக்கக் கிடைத்தால்கூட 160 கிலோமீட்டருக்கு வேண்டிய ஆரம் 1,460 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் ஆரம் நான்கு மடங்காக வேண்டும். டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் தடத்தை 1960-களில் 2,500 மீட்டர் ஆரத்துக்குப் போட்டார்கள். அந்த ஆரத்தை அங்கே இன்றுவரை குறையாகவே பேசுகிறார்கள். தொப்பூர் இடுக்கில் 1,460 மீட்டர் வளைவு வைக்க வேண்டுமானால் மலையைத் துளைத்தோ பள்ளத்தில் பாலம் கட்டியோதான் ஆகும். இருக்கிற வெட்டுக்களே அமைதியாக இல்லை. 2021 நவம்பர் 12 அதிகாலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மேல் பாறைகள் சரிந்து பெட்டிகள் தடம் புரண்டன. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. மெதுவாக வந்ததால் தப்பித்தார்கள் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

வளைவை நேராக்க முடியாத நாடுகள் ரயிலையே சாய்க்கப் பார்த்தன. இத்தாலியின் பெண்டோலினோ, ஸ்பெயினின் டால்கோ. டால்கோ 2016-இல் இந்தியாவுக்கு வந்து ஓடியும் காட்டியது. டெல்லி–மும்பையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கடந்தது. சாயும் பெட்டி பயணியின் வயிற்றைத்தான் காப்பாற்றும், தண்டவாளத்தின் மேல் விழும் பக்கவிசையைக் குறைக்காது. அதே வளைவில் கூடுதல் வேகம் என்றால் அதே தண்டவாளத்துக்குக் கூடுதல் உதை. மேஸ்திரிக்கு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது.

இத்தனைக்கும் வேக ரயிலின் உறுப்புகள் செய்யும் ஊர்தான் ஓசூர். ரயில் பிரேக் அமைப்புகள் தயாரிக்கும் ஃபைவ்லி நிறுவனத்தின் ஆலை இங்கே இருக்கிறது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் இருக்கும் அதே தொழில் வளையத்தில். வேகத்தை நிறுத்தும் கருவியை ஏற்றுமதி செய்யும் ஊருக்கு, நிறுத்தும் அளவு வேகம் இன்னும் வந்துசேரவில்லை.

உண்மையான அதிவேகத் தடத்துக்கான கோடு வேறு பக்கம் போகிறது. சென்னை–பெங்களூரு–மைசூரு இடையே சுமார் 435 கிலோமீட்டர் தடத்துக்கு ஜெர்மன் அரசின் உதவியோடு ஒரு சாத்திய ஆய்வு நடந்து, 2018-இல் ரயில்வே வாரியத்திடம் தரப்பட்டது. பின்னர் தேசிய அதிவேக ரயில் கழகமும் அந்த வழித்தடத்தைக் கையில் எடுத்தது. சித்தூர், கோலார் என்று வடக்கே போகிறது அந்தக் கோடு. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதில் இல்லை. அத்தகைய தடத்தைப் பெரும்பாலும் தூண்கள்மேல் தூக்கிப் போடுவதற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆரத்துக்குக் கீழே இருக்கும் ஊரும் ஏரியும் ஒத்துவராது. அங்கே சரக்கு ரயிலும் கிடையாது. 40-இல் முனகும் வண்டிக்காகக் கேன்ட்டைக் குறைக்க வேண்டிய தொல்லை இல்லை.

இந்தப் பக்கம் இப்போது நடப்பது பெங்களூரு–ஓசூர் இரட்டைப்பாதைப் பணி. காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் ஓசூர்க்காரர்களுக்கு அது பெரிய விடிவு. எதிர் வண்டிக்காகக் காத்துக்கிடப்பது குறையும். பழைய தடத்தை ஒட்டியே இரண்டாம் தடம் போகும் இடங்களில் வளைவும் கூடவே போகும். ஓசூருக்குத் தெற்கே, ஓமலூர் வரை இரண்டாம் தடம் வேண்டும் என்ற பேச்சும் இருக்கிறது. இரண்டாம் தடம் முதல் தடத்தின் தோளை ஒட்டியே போக வேண்டுமென்ற கட்டாயமில்லை. மலைப் பகுதிகளில் ஏறும் தடத்தையும் இறங்கும் தடத்தையும் தனித்தனிக் கோட்டில் போட்ட உதாரணங்கள் இந்தியாவிலேயே உண்டு. அந்த வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வரும் நாளில், ஸ்டேஷன் பெயர்களையும் செலவுத் தொகையையும் தாண்டி, வளைவு அட்டவணையின் ஆரம் என்ற பத்தியைத்தான் முதலில் தேடுவேன். அங்கே 440 என்று இருக்கிறதா, 1,460 என்று இருக்கிறதா?